பர்மா பஜார் கேம் ஸ்டிக்: 1,600 ரூபாய்க்குப் பத்தாயிரம் கேம், தேறுவது எத்தனை?

டிவியில் செருகிப் பழைய வீடியோ கேம்களை ஆடுகிற ஸ்டிக் இது. பெட்டியில் கம்பெனி பெயர் என்று ஒன்றும் இல்லை. கருப்பு அட்டையில் பெரிய எழுத்தில் ‘4கே’, அதைவிடப் பெரிய எழுத்தில் ‘10,000 கேம்ஸ்’. பர்மா பஜாரில், பீச் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் ஒரு கடையில் 2,500 ரூபாய் சொன்னார்கள். நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பதினெட்டு வருடமாக பில் போடுகிறவள். சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கி வந்தால் வெளியில் சொல்லவே கூசும். 1,200 என்றேன். “இன்னாமா நீ, ரிமோட்டே ரெண்டு கீது, உள்ள கார்டு வேற கீது, கட்டுப்படியாவுமா?” என்றார். நாலு கடை தள்ளிப் போய்த் திரும்பி வந்த பிறகு 1,600க்கு முடிந்தது.

வீட்டில் பையனுக்காக என்று சொல்லித்தான் வாங்கினேன். ஏழாவது படிக்கிறான், அரையாண்டு லீவு, கையில் எந்நேரமும் போன். ஆனால் கடையில் நின்று, “அண்ணா, இதுல முஸ்தபா கேம் இருக்கா?” என்று நான் கேட்டது பையனுக்காகக் கேட்டதில்லை. கடைக்காரருக்கும் என் வயதுதான் இருக்கும். சிரித்துவிட்டார். “அது இல்லாத ஸ்டிக்க எவன்மா வாங்குவான்?”

உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் தடித்த பென்டிரைவ் மாதிரி ஒரு ஸ்டிக், டிவியின் எச்டிஎம்ஐ ஓட்டைக்கு ஒரு குட்டி வயர், கரண்டுக்கு ஒரு வயர், 64 ஜிபி கார்டு, வயர் இல்லாத ரிமோட் இரண்டு. அடாப்டர் கிடையாது, டிவியின் யுஎஸ்பியிலேயே கரண்டு எடுத்துக்கொள்கிறது. ரிமோட்டுக்கு இரண்டு வீதம் ஒல்லி பேட்டரி நாலு நாம் வாங்கிப் போட வேண்டும். பெட்டியைப் பிரித்து கேம் ஓடும்வரை ஐந்து நிமிடம் ஆனது. அந்த விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். ‘4கே’யை மட்டும் மறந்துவிடுங்கள். 1985ல் கட்டம் கட்டமாக வரைந்த படத்தை எவ்வளவு இழுத்துப் பெரிதாக்கினாலும் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும்.

பத்தாயிரம் கணக்கும் அப்படித்தான். பில் போடுகிற கை சும்மா இருக்காது. ஒரு ராத்திரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முதல் 300 பெயரை எழுதினேன். ஒரே கேம் ஜப்பான் பதிப்பாக ஒரு தடவை, அமெரிக்கப் பதிப்பாக ஒரு தடவை, யாரோ ஹீரோவின் சட்டைக் கலரை மாற்றிய பதிப்பாக ஒரு தடவை. கழித்துப் பார்த்தால் தனித்தனியாகத் தேறியது 170 சொச்சம். தொண்ணூறுகளில் ‘9999 இன் 1’ என்று போட்ட டிவி கேம் கேசட் வாங்கியவர்களுக்கு இது புதிதில்லை. அதே பத்துப் பன்னிரண்டு கேம், வேறு வேறு கட்டத்திலிருந்து ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

அந்த 170லும் பாதிக்கு மேல் இரண்டு நிமிடம் தாங்கவில்லை. எதற்குக் குதிக்கிறோம், எவனைச் சுடுகிறோம் என்றே தெரியாமல் செத்துப்போகிற கேம்கள். சிலதை ஒரு வாரம் ஆகியும் விட மனமில்லை. இரண்டும் அதே காலத்தில், அதே மாதிரி பெட்டிக்காகச் செய்தவைதான். ஒன்றை நாற்பது வருடம் கழித்தும் ஆடுகிறோம், இன்னொன்றின் பெயர்கூட வாயில் நுழையவில்லை. ஏன்? இதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. கேம் ஆடி வந்த பதில் இல்லை, வாசற்படியில் நின்று வந்த பதில்.

தண்டையார்பேட்டையில் அகஸ்தியா தியேட்டரிலிருந்து நாலைந்து தெரு தள்ளி ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. 1995, 96 இருக்கும். எனக்குப் பதிமூன்று வயது, தம்பிக்குப் பத்து. பச்சைத் துணி தொங்கும் ஒற்றை அறை, உள்ளே மூன்று மெஷின், ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். பெண் பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்று யாரும் போர்டு மாட்டவில்லை. ஆனாலும் போக மாட்டோம். தயிர் வாங்கக் கொடுத்த காசோடு தம்பி உள்ளே நுழைந்துவிடுவான், அவனை இழுத்து வர அம்மா என்னை அனுப்புவாள். நான் படியில் நின்று துணியை ஒதுக்கிவிட்டு, “டேய், அம்மா கூப்புடுது” என்பேன். திரும்பாமலேயே, “ஏக்கா, ஒரே லைஃப்புதான்க்கா கீது, முடிச்சிட்டு வரேன்” என்பான். அந்த ஒரு லைஃப் சில நாள் கால் மணி நேரம் ஓடும்.

அந்தப் படியிலிருந்து ஒரே ஒரு மெஷினின் திரைதான் தெரியும். அது முஸ்தபா. இரண்டாவது மெஷின் சுவர்ப் பக்கமாகத் திரும்பியிருக்கும், சத்தம் மட்டும் வரும். மூன்றாவது எப்போதும் ரிப்பேர். இரண்டு வருடம் அப்படி நின்றிருக்கிறேன். ஒரு பட்டனைக்கூடத் தொட்டதில்லை. கேம் என்றால் எனக்கு மூன்று பையன்களின் தோளுக்கு மேலே தெரிந்த கொஞ்சம் திரைதான்.

அந்த கேமின் உண்மையான பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. ஜப்பானின் கேப்காம் கம்பெனி 1993ல் விட்டது, ஓர் அமெரிக்கக் காமிக்ஸ் கதையை வைத்துச் செய்தது. ஆட நாலு பேரில் ஒருவரை எடுக்கலாம்: ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ். கதைப்படி ஜாக்தான் ஹீரோ. ஆனால் முஸ்தபாதான் வேகமாக ஓடுவான். அதோடு, தலைப்பை எழுத்துக் கூட்டிப் படிக்கவே முடியாத ஒரு திரையில் நம் தெருவில் நாலு பேருக்கு இருக்கும் பெயர் ஒன்று மின்னினால் வேறு எதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்? மண்ணடியிலும் ராயபுரத்திலும் அது முஸ்தபா கேம். நம் ஊரில் மட்டுமில்லை, இந்தியாவில் எங்கே கேட்டாலும் அந்தக் காலத்துப் பையன்கள் இந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

படியில் நின்ற எனக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. மேலே ஓடும் கோடு குறைந்தால் உயிர் குறைகிறது. கீழே கிடக்கும் சாப்பாட்டை எடுத்தால் கோடு ஏறுகிறது. டைனோசார் தன்பாட்டுக்கு இருக்கும்போது அதன்மேல் அடி விழுந்தால் கோபம் வந்துவிடும், அப்புறம் ஹீரோ வில்லன் என்று பார்க்காது. மூன்றாவது கட்டத்தில் கார் கிடைக்கும். அது வந்துவிட்டால் தெருவில் கில்லி ஆடுகிற பையன்கள்கூட ஓடி வந்து துணிக்குள் தலையை விடுவார்கள். ரவுடிகளை காரால் முட்டித் தள்ளிக்கொண்டே போகலாம். ஒரு சொல் படிக்கத் தேவையில்லை. ஆடுகிறவன் செய்த தப்பு பின்னால் நிற்கிற எட்டு பேருக்கும் தெரியும். அவன் செத்தால் ஏன் செத்தான் என்று எட்டு பேரும் சொல்வார்கள், அநேகமாக எட்டும் சரியாக இருக்கும்.

இதுதான் என் அளவுகோல். ஆடாதவன் பின்னால் நின்று பார்த்தே புரிந்துகொண்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் “டேய், பின்னாடி வரான் பாரு” என்று கத்த வேண்டும். அப்படிக் கத்த வைக்கிற கேம் கிளாசிக்.

இது வீடியோ கேமுக்கு மட்டும் சொல்கிற விஷயமில்லை. எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கேரம் ஆடுவார்கள். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். ஒரு போர்டில் ஆடுவது நாலு பேர், சுற்றி நிற்பது பதினைந்து பேர். ஸ்ட்ரைக்கரைத் தொட்டே பார்க்காத தாத்தாகூட, “ரெட்ட உட்டுட்டு மொதல்ல ஃபாலோவ பாரு” என்பார். அவர் சொல்வதும் தப்பாக இருக்காது.

சரி, ஸ்டிக்குக்கு வருகிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். இப்போது துறைமுகத்துக்கு கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். காசிமேட்டில் மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு நேராக டிவி முன்னால் உட்கார்ந்தான். நான் ஹன்னாவை எடுத்தேன். அந்தக் கடையில் ஒரு பையன்கூட அவளை எடுத்து நான் பார்த்ததில்லை. கத்தி, துப்பாக்கி என்று கையில் எது கிடைத்தாலும் நன்றாக உபயோகிப்பாள். முப்பது வருடம் அவளுக்காக நான் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

ஒரு மணி நேரத்தில் கேம் முடிந்துவிட்டது. கடைசி வில்லனை அடித்து முடித்துவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சப்பென்று இருந்தது. தம்பி அந்தக் காலத்தில் நாலாவது கட்டத்தைத் தாண்டியதே இரண்டு தடவைதான். என்ன ஆயிற்று என்று யோசித்தால், காயின். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் காயின் விழுந்துகொண்டே இருக்கிறது. செத்தால் அழுத்து, செத்தால் அழுத்து. சாவுக்கு விலை இல்லாத இடத்தில் யார் ஒழுங்காக ஆடுவார்கள்? அந்த கேம் நம் பாக்கெட்டிலிருந்து ரூபாய் பிடுங்கச் செய்தது. மெஷினின் செட்டிங்கை மாற்றி, கடைக்காரரே கேமை இன்னும் கடினமாக்கிக்கொள்ளலாம். அந்தப் பிடுங்கலை எதிர்த்து ஒரு ரூபாயில் எவ்வளவு தூரம் போகிறோம் என்பதில்தான் ருசியே இருந்தது.

அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒரு தடவை காயின் போட்டால் ஒரு கொட்டையை டப்பாவில் போட வேண்டும். தீர்ந்தால் ரிமோட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். அன்று சாயங்காலம் தம்பியின் கடைசிக் கொட்டை இரண்டாவது கட்டத்திலேயே போனது. “ஏக்கா, ஒண்ணே ஒண்ணு கடன் குடுக்கா” என்றான் நாற்பது வயது மனிதன். ஸ்டிக் வாங்குகிறவர்கள் கூடவே நூறு கிராம் புளியும் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் அந்த இரண்டாவது மெஷின். அதிலிருந்து வந்த சத்தம் எனக்கு மனப்பாடம். அடித்தொண்டையில் ஒருவன் ‘ஹடோக்கன்’ மாதிரி ஏதோ கத்துவான், ஒருத்தன் ‘யோகா ஃபயர்’ என்பான். யோகா என்று கேட்கவும் ஏதோ உடற்பயிற்சி கேம் என்றே பல நாள் நினைத்திருந்தேன். ஸ்டிக்கில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ போட்டதும் அந்தக் குரல் வந்தது. முப்பது வருடமாகக் காதில் மட்டும் இருந்த ஆள் முதல்முறையாகத் திரையில் நிற்கிறான்: கழுத்தில் மண்டையோட்டு மாலை, கை கால் ரப்பர் மாதிரி நீள்கிறது, வாயிலிருந்து நெருப்பு. இந்தியாக்காரனாம், பெயர் தால்சிம். நம்மைப் பற்றி ஜப்பானில் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

1991ல் வந்த அந்த கேமைப் பற்றித் தம்பி ஒன்று சொன்னான், பிறகு தேடிப் படித்தேன். ஒரு அடி விழுந்ததும் எதிராளி தடுக்க நேரமில்லாமல் அடுத்த அடியைத் தொடர்ந்து போடும் வித்தைதான் அதற்குப் பிறகு வந்த எல்லாச் சண்டை கேமுக்கும் அடிப்படை. அது திட்டம் போட்டுச் செய்ததில்லை, செய்யும்போது கண்ணில் பட்ட ஒரு பிழை. யாராலும் சரியான நேரத்துக்கு அழுத்த முடியாது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்களாம். எங்கள் தெருப் பையன்களை அவர்களுக்குத் தெரியாது.

பையனிடம் மாரியோவைக் கொடுத்தபோது வேண்டுமென்றே ஒன்றும் சொல்லவில்லை. போனில் ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவன், படத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான். வலது பக்கம் நடந்தான், எதிரே வந்த பழுப்புக் காளான் மேல் முட்டிச் செத்தான். நாலு நொடி. இரண்டாவது தடவை குதித்துத் தாண்டினான். குதிக்கும்போது தலை மேலே இருந்த கேள்விக்குறிப் பெட்டியில் இடித்தது, காசு வந்தது. அடுத்த பெட்டியை அவனே தேடிப் போய் இடித்தான். ஒரு காளான் வெளியே வந்தது, ஓடிப் போய்க் குழாயில் முட்டி இவன் பக்கமே திரும்பி வந்தது. பயந்து விலகப் பார்த்தான், முடியவில்லை, தொட்டுவிட்டான், மாரியோ பெரிதாகிவிட்டான். “மா! இது நல்ல காளான்!” என்றான்.

மொத்தப் பாடமும் ஒரு நிமிடத்தில் முடிந்தது. அந்தக் குழாய், அந்தப் பெட்டி எல்லாம் யோசித்து வைத்த இடத்தில்தான் இருக்கின்றன. 1985ல் இதைச் செய்த ஷிகெரு மியாமோட்டோவும் டகாஷி டெசூகாவும் இந்த முதல் கட்டத்தை ஒரு வாத்தியார் மாதிரி அமைத்திருக்கிறார்கள். முழு கேமும் 40 கிலோபைட், அதற்குள் 32 கட்டம். தினமும் காலையில் எங்கள் குடும்ப குரூப்பில் சித்தப்பா அனுப்பும் ரோஜாப்பூ படம் இதைவிடப் பெரிது. இடம் பத்தாததால் மேகத்தையும் புதரையும் ஒரே படமாக வைத்து, மேலே வெள்ளை, கீழே பச்சை அடித்திருக்கிறார்கள். நாங்கள் பாவாடையில் மிச்சமான துணியில் பையனுக்கு டிராயர் தைத்த மாதிரி.

ஆனால் மாரியோவில்தான் ஸ்டிக்கின் பெரிய குறையும் வெளியே வருகிறது. பட்டனை அழுத்தியதற்கும் அவன் குதிப்பதற்கும் நடுவில் ஒரு துளி தாமதம். விளிம்பில் நின்று அழுத்தினால் குழிக்குள் இருப்பான். முதல் நாள் எங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்தோம். காரணம் ஸ்டிக் பாதி, டிவி பாதி. பழைய டப்பா டிவி வந்த படத்தை வந்தவுடனே காட்டிவிடும். இப்போதைய டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். டிவி செட்டிங்கில் ‘கேம் மோடு’ என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள், பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதிக்கு வழியில்லை. இதே காரணத்தால் வாத்து சுடும் கேமும் வீண். மெனுவில் இருக்கிறது, ஆனால் பெட்டியில் துப்பாக்கி கிடையாது. பழைய துப்பாக்கி கையில் இருந்தாலும் பிரயோஜனமில்லை. அது விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருப்பாகி, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னுவதைப் பார்த்துத்தான் குறி விழுந்ததா என்று கண்டுபிடிக்கும். அந்தக் கணக்கு டப்பா டிவிக்குப் போட்டது.

டெட்ரிஸில் என் அளவுகோல் ஆடிப் போகும் என்று நினைத்தேன். தனியாக உட்கார்ந்து செங்கல் அடுக்குகிற கேமை யார் நின்று பார்ப்பார்கள்? அப்புறம் அம்மாவின் நினைவு வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் தம்பியிடம் கையடக்க ‘பிரிக் கேம்’ ஒன்று இருந்தது. கரண்டு போன ராத்திரிகளில் அம்மா அதை வாங்கிக்கொள்வாள். அதன் திரையில் விளக்கு கிடையாது, மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும். நாங்கள் இருவரும் அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, “மா, திருப்பு, திருப்பு, அந்த ஓரத்துல போடு” என்று உயிரை வாங்குவோம். “பாத்திரம் அடுக்கறதுதானடா இது, எனக்குத் தெரியாதா?” என்பாள்.

அந்தப் பாத்திரம் அடுக்கும் கேமை 1984ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜிட்னோவ் செய்தார். அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா கம்ப்யூட்டரில் படமே வரையத் தெரியாது. அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் செங்கல் என்று காட்டினார். உலகமே அதை வாங்கி ஆடியது, அவர் கைக்கு உரிமைப் பணம் வர 1996 ஆனது. அதை யாராலும் முடிக்க முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் பழைய நின்டென்டோ பதிப்பில் 157வது கட்டம்வரை போய், கேம் மேற்கொண்டு ஓட முடியாமல் உறைந்து நிற்கும்படி செய்துவிட்டான்.

மற்றவற்றைச் சுருக்கமாக. பேய்கள் துரத்த, புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடுகிற பாக்மேன் நன்றாக ஓடுகிறது. மூன்றாம் நாள் பையன், “மா, ஆரஞ்சுப் பேய் பயந்தாங்கொள்ளி, கிட்ட வந்தா திரும்பிப் போயிடுது” என்றான். சரியாகத்தான் சொன்னான். 1980ல் அதைச் செய்த டோரு இவாடானி குழுவினர் நாலு பேய்க்கும் நாலு குணம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று நேராகத் துரத்தும், ஒன்று நாம் போகப்போகிற இடத்துக்கு முன்னால் போய் மடக்கப் பார்க்கும். கான்ட்ரா என்கிற சுடும் கேமில் இரண்டு பேர் ஆடும்போது ஒருவன் மேலே ஏறினால் திரை நகர்ந்து கீழே நிற்பவன் செத்துப்போவான், குடும்பச் சண்டை நிச்சயம். மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது என்று பட்டனை அழுத்தி ஆரம்பிக்கும் பழைய வித்தை இதிலும் வேலை செய்கிறது, முப்பது உயிர் வருகிறது. ஆனால் நாங்கள் வைத்த புளியங்கொட்டைச் சட்டப்படி அது குற்றம். பிளேஸ்டேஷன் கேம்கள் திக்கித் திணறுகின்றன, அதற்காக இதை வாங்காதீர்கள்.

ஒரு ஏமாற்றம். டிவி கேம் காலத்து கார் ரேஸ் ‘ரோட் ஃபைட்டர்’ என் நினைவில் பெரிய கேம். சித்தி வீட்டில் வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்குப் போனால் ஆட விடுவார்கள். இப்போது போட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் கொட்டாவி. கேம் அப்படியேதான் இருக்கிறது. எனக்குப் பிடித்திருந்தது சித்தி வீடும் அந்தப் பொங்கல் லீவும்தான் போலிருக்கிறது. பையன் பின்னால் நின்று ஒரு வார்த்தை கத்தவில்லை. நோட்டில் அதை அடித்துவிட்டேன்.

இந்த மாதிரித் தேர்வு செய்யப் பெரிய இடத்திலும் ஆள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ராசெஸ்டர் நகரில் இருக்கும் ஒரு விளையாட்டு அருங்காட்சியகம் 2015லிருந்து வருடா வருடம் சிறந்த வீடியோ கேம்களுக்கு மரியாதை செய்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதா, நெடுநாள் நின்றதா, பல நாடுகளுக்குப் போனதா, பின்னால் வந்தவற்றைப் பாதித்ததா என்று நாலு கேள்வி வைத்துப் பார்க்கிறார்கள். முதல் வருடப் பட்டியலில் பாங், பாக்மேன், டெட்ரிஸ், மாரியோ, டூம், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். முதல் ஐந்தும் என் படிக்கட்டுக் கணக்கில் தேறும். ஆறாவது தேறாது. தம்பி போனில் அதன் வீடியோவைக் காட்டினான். திரை முழுக்க பட்டனும் எழுத்தும், யார் யாரை அடிக்கிறார்கள் என்றே விளங்கவில்லை. கோடிக்கணக்கில் ஆடியிருக்கிறார்கள் என்கிறான், இருக்கட்டும். நான் படியில் நின்றிருந்தால் தம்பியை இரண்டே நிமிடத்தில் தரதரவென்று இழுத்துப் போயிருப்பேன்.

அந்த நாலு கேள்விக்கும் முஸ்தபா நிற்குமா என்பது வேறு. அதை நியாயமாகக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் ஆடவே வழியில்லை. மெஷினுக்குச் செய்த கேம் வீட்டுக்கென்று வரவே இல்லை. கேப்காம் 2018ல் தன் பழைய அடிதடி கேம்கள் ஏழைத் தொகுத்து விற்றது, அதிலும் இது இல்லை. இது மட்டுமில்லை. பழைய கேம்களைக் காக்கப் பாடுபடும் ஓர் அமெரிக்க அமைப்பு 2023ல் கணக்கெடுத்தபோது, அங்கே 2010க்கு முன் வெளியானவற்றில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று தெரிந்தது. இந்த ஸ்டிக்கில் இருப்பது எல்லாம் திருட்டு நகல்தான், அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. மாரியோ மாதிரி விற்பனையில் இருப்பதை முறையாக வாங்குங்கள் என்பேன். முஸ்தபாவை எங்கே போய் வாங்குவது? கேட்டால் எனக்கும் பதில் தெரியாது, ஆகவே அந்தக் குற்ற உணர்ச்சியில் பாதியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பத்தொன்பதாம் நாள் கார்டு செத்தது. மெனுவில் வெறும் நீலம். கடைக்குக் கொண்டு போனேன். “கார்டுக்கு கேரண்டி இல்லமா, ஸ்டிக்குக்குத்தான்” என்றார். ஸ்டிக்குக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். “இப்ப ஓடுதில்ல?” என்றார். 300 ரூபாய் வாங்கிக்கொண்டு வேறு கார்டில் ஏற்றிக் கொடுத்தார். அதனால் என் செலவு 1,900, பேட்டரி தனி. வாங்கிய அன்றே கார்டைக் கழற்றி கம்ப்யூட்டரில் முழுசாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டில் ஒன்றின் இடது பட்டன் இப்போதே கொஞ்சம் ஒட்டுகிறது. அதைத் தம்பிக்கு ஒதுக்கிவிட்டோம்.

இன்னொரு விஷயமும் கேட்டுவிட்டு வந்தேன். முஸ்தபா மெஷினில் மூன்று பேர் சேர்ந்து ஆடலாம், மூன்றாவது ரிமோட் தனியாகக் கிடைக்குமா என்று. “ரெண்டுதாம்மா புடிக்கும்” என்றார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியும் பையனும் ஆடுகிறார்கள், அல்லது நானும் யாராவது ஒருவரும். அம்மாவுக்கு எழுபத்திரண்டு. முட்டி வலி, தரையில் உட்கார முடியாது, சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போன வாரம் வஞ்சிரம் அடுப்பில் இருந்தது. என் கடைசிக் கொட்டை போட்டாயிற்று, ஹன்னாவின் கோட்டில் ஒரு விரல்கடைதான் மிச்சம். “டீ, பின்னாடி வரான் பாரு! பின்னாடி!” என்று பின்னாலிருந்து சத்தம். மீன் கருகிவிட்டது.